பேரேட்டில் ஒரு பொட்டு

போன வாரம், ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலை போன் அடித்தது. எடுத்தால், அசோக் நகரிலிருந்து சண்முகத்தாய் அம்மாள்.

நம்ம புஸ்தகத்தையெல்லாம் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரவேண்டும், கூட வருகிறீர்களா என்று கேட்டார்.

'நம்ம புஸ்தகம்' என்றால் நான் எழுதியது இல்லை. (அதையெல்லாம் யார் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள்?) கணக்குப் புத்தகங்கள். தி.நகரில் அவருடைய மாமனார் ஆரம்பித்து, கணவர் நடத்திய ஜவுளிக்கடையின் பேரேடுகள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கடையை வாடகைக்கு விட்ட வருஷம் வரை, ஒன்று விடாமல்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிற புண்ணியவான்களுக்கு நினைவிருக்கலாம்... பழைய கடைக் கணக்குகளைச் சேர்த்துவைக்கும் ஆவணக் காப்பகம் ஒன்றைப் பற்றிக் கோடையில் எழுதியிருந்தேன். அடையாறில் ஒரு டிரஸ்ட் நடத்துவது. யுத்த காலத்தில் வேட்டி என்ன விலை, தீபாவளிக்கு எந்த ஊர்ப் புடவை போனது — இதெல்லாம் சரித்திரப் பாடத்தில் வருமா, பேரேட்டில்தான் இருக்கும் என்று கொஞ்சம் அளந்துவிட்டிருந்தேன்.

அதைப் படித்துவிட்டுத்தான் அம்மாள் என்னை முதலில் கூப்பிட்டார். தி.நகர் வீட்டை இடித்து ஃபிளாட் கட்டுகிறார்கள். அதுவரை அசோக் நகரில் இரண்டே ரூம். இத்தனை புத்தகத்தை எங்கே வைப்பது? துபாயில் இருக்கிற பையன், பழைய பேப்பர்காரனைக் கூப்பிடுங்கள் என்கிறான். மனசு வரவில்லை என்றார். நான் காப்பகத்தில் பேசினேன். வேன் வந்தது, ஏற்றிக்கொண்டு போனது. எல்லோருக்கும் சந்தோஷம் — அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மயிலாப்பூரிலிருந்து கிளம்பிப் போய் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டேன். மடியில் ஒரு எவர்சில்வர் டப்பாவை இறுக்கிப் பிடித்திருந்தார். சைதாப்பேட்டை நெரிசலில் ஆட்டோ நின்றபோது, என்ன அது என்று கேட்டேன். திறந்து காட்டினார். அரைத்த சந்தனம், ஒரு காகித மடிப்பில் குங்குமம்.

அவர்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் பேரேடுகளுக்குத்தானாம். பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி, தூசி தட்டி, ஒவ்வொரு அட்டையிலும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைப்பது. கணவர் இருந்தவரை அவர் கைவேலை. கடைப்பையன்கள் பொரி வாங்க வரிசையில் நிற்பார்களாம். அவர் போன பிறகு கடை சில வருஷம் ஆள் வைத்து ஓடியது; வீட்டுப் பூஜையை அம்மாளே செய்தார். வரிசை இல்லை. சுண்டலைச் செய்து, தானே சாப்பிட்டு, மிச்சத்தைக் காக்காய்க்கு வைத்துவிடுவாராம்.

"நீ பொட்டு வைக்கலாமான்னு கேக்குறதுக்கு ஆள் இல்ல பாருங்க வீட்ல. அது ஒரு சவுகரியம்" என்றார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கென்ன வாழ்கிறது? மனைவி போன பிறகு என் ஆயுத பூஜை, டைப்ரைட்டருக்கு ஒரு பொட்டு, ஃபிரிட்ஜுக்கு ஒரு பொட்டு. ஒரு பாக்கெட் பொரி வாங்கினால் தீபாவளி வரை நமத்துக் கிடக்கும். தனியாக இருப்பவர்கள் வீட்டில் பண்டிகைதான் ரொம்ப நீளமான நாள், ஸார்.

மறுநாள் லீவு என்பதால் காப்பகத்தில் அன்றைக்கே பூஜை முடிந்திருந்தது. பீரோக்களுக்குப் பொட்டு. புதுக் கம்ப்யூட்டருக்கு மாலை. ஜெராக்ஸ் மெஷினுக்கு விபூதிப் பட்டை! பொறுப்பாளர் இளைஞர், நல்ல பிள்ளை. பேப்பரைப் பாதுகாப்பது எப்படி என்று தனியாகப் படித்துவிட்டு வந்தவர். அம்மாளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார். டப்பாவைப் பார்த்ததும் முகம் மாறியது.

சந்தனத்துக்குப் பூச்சி வரும், குங்குமம் ஊறினால் உள்ளே இருக்கிற எழுத்து போய்விடும், தப்பாக நினைக்காதீர்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார். வேண்டுமானால் பீரோவுக்கு வைத்துவிட்டுப் போங்கள் என்றார்.

அம்மாள் வாதாடவில்லை. டப்பாவை மூடினார். ஒரு தடவை பார்க்கலாம்தானே என்று மட்டும் கேட்டார்.

பார்க்கலாமே! இளைஞருக்கு உற்சாகம் வந்துவிட்டது. உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நீளமான மேஜையில், வெள்ளைத் துணியின்மேல், பேரேடுகள் இரண்டு அடுக்காக இருந்தன. இடது அடுக்கில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. அட்டையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"பழசுக்கு இப்பதாம்மா வர்றோம். கடைசி வருஷத்துலேர்ந்து ஆரம்பிச்சு, கறையெல்லாம் எடுத்துக்கிட்டிருக்கோம்" என்றார் பெருமையாக. ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு நாள் பிடிக்கிறதாம். பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்கவேண்டுமாம்.

கறை. வாசல் பீரோவில் அவரே காலையில் வைத்த கறை இன்னும் காயவில்லை! வாய்வரை வந்துவிட்டது. அம்மாள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அம்மாள் வலது அடுக்குப் பக்கம் போனார். அட்டைகளில் வருஷாவருஷம் வைத்த பொட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து, காசு அகலத்துக்குக் கறுத்துப் போயிருந்தது. தொடலாமா என்று கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டு தொடலாம் என்றார் இளைஞர். புடவைத் தலைப்பில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஒரு பொட்டின்மேல் விரலை வைத்தார். வெகுநேரம் விரலை எடுக்கவேயில்லை.

"அவுக மோதிர விரலால பெருசாத்தான் வைப்பாக" என்றார்.

பிறகு இடது அடுக்கைக் காட்டி, சுத்தம் செய்தது இவ்வளவுதானா என்று கேட்டார். கடைசிச் சில வருஷத்துப் புத்தகங்கள் மட்டும்தான் என்றார் இளைஞர். கணவர் போன பிறகு வந்தவை. யார் கை பட்டவை என்று எனக்கும் புரிந்தது, இளைஞருக்கும் புரிந்துவிட்டது. அவர் தரையைப் பார்த்தார்.

"என்னோடதுதான? போகட்டும். அவுக வச்சத மட்டும் விட்டுருங்க தம்பி."

இளைஞர் மேஜை ஓரத்திலிருந்த பஞ்சையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

பண்டிகைக்கு வீடு ஒழிக்கிறவர்களே... கொஞ்சம் பார்த்துத் துடையுங்கள்.