இரண்டே இருக்கை

முப்பது வருடம் மலேசியாவின் ஸ்கூடாயிலிருந்து சிங்கப்பூருக்குத் தொழிற்சாலை பஸ்ஸில் போய் வந்தவள் நான். எல்லைப் பாலத்தின் மேல் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, என்றைக்காவது ஒருநாள், கூரை திறந்த கார் ஒன்று ஜன்னலுக்குக் கீழே தெரியும். அதை ஓட்டுகிறவரும் எங்களைப் போல நெரிசலில் மாட்டிக்கொண்டவர்தான், ஒரு முடிகூடக் காற்றில் பறக்காது. இருந்தாலும் எனக்குப் பொறாமையாக இருக்கும். ஓய்வு பெற்ற அன்றே வீட்டில் சொல்லிவிட்டேன்: கூரை திறக்கிற கார் ஒன்று வாங்கப் போகிறேன், அதை நானே ஓட்டிக்கொண்டு சிகாமட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகப் போகிறேன்.

அந்த ‘நானே’தான் எனக்கு முக்கியம். லைசென்ஸ் எடுத்துப் பல வருடம் ஆகிறது. சந்தைக்கும் கோயிலுக்கும் தனியாக ஓட்டுவேன். கணவர் கூட வந்தால் மட்டும் சாவி அவர் கைக்குப் போய்விடும், நான் இடது பக்கம் ஏறிவிடுவேன். யாரும் சட்டம் போடவில்லை, அப்படியே பழகிப்போச்சு. சிகாமட்டுக்குப் போவது அவருக்கு ஒழிந்த நாளில், திரும்புவது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்த நிமிடத்தில். அக்காவும் நானும் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்ததே இல்லை.

என் அறிவிப்பில் ‘கார்’ வரைக்கும்தான் அவர் கேட்டார். எழுத்தராக வேலை பார்த்த மனிதர், ஆனால் ஒரு எஞ்சின் கண்ணில் பட்டால் சோறு தண்ணீர் வேண்டாம். ஒரே வாரத்தில் பக்கத்து ஊரான பெக்கான் நானாஸில் ஒரு வண்டியைக் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய காலத்து இங்கிலாந்து வண்டி, இரண்டு இருக்கை, செக்கச்செவேல் என்று. ஸ்கூடாயிலேயே ஒரு பழைய கார் கடையில் நான் பார்த்து வைத்திருந்த ஜப்பான் வண்டியும் இரண்டு இருக்கைதான், கூரை திறக்கும், கியரும் கையால் போடுவதுதான். ஆனால் சாம்பல் நிறம். “அது பொட்டி மா. இதுதான் வண்டி,” என்றார்.

வண்டியைப் பார்க்கப் போகிற வழியில் ஒரு கடையில் இறங்கி நான்கு எலுமிச்சம்பழம் வாங்கினார். புது வண்டிக்குப் பூசை போட்டுச் சக்கரத்துக்கு அடியில் வைக்கிற பழம். விலைகூடப் பேசவில்லை, மனுஷன் பூசைக்குத் தயார்!

வண்டியின் சொந்தக்காரர் அன்னாசித் தோட்டம் வைத்திருக்கும் சீனத் தாத்தா. தார்ப்பாயை விலக்கியதும் எனக்கும் வாய் பிளந்துவிட்டது. பொய் சொல்வானேன், அத்தனை அழகு. முதலில் கணவர் ஓட்டினார், திரும்பி வந்ததும் நான் கை நீட்டினேன்.

“இது முரட்டு வண்டி மா. கியர் ஒரு தினுசா விழும். நான் ஒரு ஆறு மாசம் ஓட்டிப் பழக்கிட்டுத் தர்றேனே.”

“இப்பவே தாங்க. நீங்க அந்தப் பக்கம் உட்காருங்க.”

தாத்தா சிரித்துக்கொண்டே, “பெலான் பெலான் லா,” என்றார். மெதுவாகத்தான் எடுத்தேன். இரண்டு பக்கமும் அன்னாசிச் செடி, முகத்தில் வெயில், காதோரம் எஞ்சின் உறுமல். எனக்கு இருபது வயது. ஐந்து நிமிடம் கழித்து, ஓர் அன்னாசிக் கடைக்கு எதிரே, வண்டி இருமிவிட்டு நின்றது. உடனே மழை. கூரையைப் போடக் கம்பி மாட்டி, துணி இழுத்து, பொத்தான் போட்டு முடிப்பதற்குள் இரண்டு இருக்கையும் குளமாகிவிட்டன.

கணவர் எஞ்சினுக்குள் தலையை விட்டார். நான் கடையில் உட்கார்ந்து உப்பும் மிளகாயும் தொட்டு அன்னாசி தின்றேன். கடைக்கார அம்மா, பையிலிருந்த எலுமிச்சம்பழத்தில் இரண்டைப் பிழிந்து ஜூஸ் போட்டுக் கொடுத்தார். நடுவில் ஒருமுறை கணவர் நிமிர்ந்து பார்த்தார். முதுகில் மழை, மூக்கில் கரி, முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணப் போட்டோவில்கூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த யானையைக் கட்டித் தீனி போட அவர் சந்தோஷமாக இருப்பார். நான் ஏதாவது ஒரு கடையில் அன்னாசி தின்றுகொண்டிருப்பேன்.

“இது வீட்டுக்கு வந்தா சாவி உங்ககிட்டதான் இருக்கும். எனக்கு வேண்டாங்க.”

அவர் வண்டியை ஒருவழியாகக் கிளப்பித் தாத்தாவிடமே விட்டார். ஸ்கூடாய் வரும்வரை மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, அந்தச் சிவப்பை நானும் ஆசைப்பட்டேனே.

சாம்பல் வண்டியை வாங்கினேன். சாவியைத் திருகினால் கிளம்பும், பொத்தானை அமுக்கினால் கூரை மூடும். குறை சொல்ல ஒன்றுமில்லையே என்பதுதான் அவருக்குக் குறை.

கோயிலில் பூசாரி சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாகப் பழம் வைத்தார். சாவியைத் தீபத்தில் காட்டிவிட்டு நேரே கணவரிடம் நீட்டினார். “அண்ணே, முன்னால எடுங்க.” எனக்குச் சுருக்கென்றது. கணவரின் கை பழக்கத்தில் பாதி தூரம் போய்விட்டது. பிறகு அதைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, “ஓட்டுறது அவங்க சாமி,” என்று சொல்லி இடது பக்கம் ஏறி பெல்ட்டைப் போட்டார். அந்த இடத்தில் அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது. பதற்றத்தில் முதல் தடவை எஞ்சினை அணைத்துவிட்டேன். இரண்டாவது தடவை நான்கு பழமும் நசுங்கின.

அங்கிருந்து நேராக சிகாமட். வழியெல்லாம் அவர் வெறும் தரையில் பிரேக் மிதித்துக்கொண்டே வந்தார்.

கார்ச் சத்தம் கேட்டதும் அக்கா வாசலுக்கு வந்தாள். வழக்கம்போல வலது பக்கம் குனிந்து, “வாங்க மாப்பிள்ளை,” என்றாள். குனிந்த இடத்தில் நான் இருந்தேன். ஸ்டியரிங்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சுற்றி இடது பக்கம் போய்க் கதவைத் திறந்தாள்.

“மாப்பிள்ளை, கொஞ்சம் இறங்குங்க.”

“நான் எங்க உட்கார்றது?” என்றார் அவர்.

“இதுல பின் சீட்டு இல்லையே. உள்ள போய் டீவி பாருங்க.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அறுபத்தெட்டு வயது. “டாக்சில அப்பா முன்னால. அப்புறம் உங்க மாமா முன்னால. இப்ப மருமக முன்னால. நான் இன்னிக்குத்தான்டி ரோட்டைப் பாக்குறேன்.”

“எங்க போலாம்கா?”

“நேரா போ. திரும்பணும்னா சொல்றேன்.”

சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவள் சொல்லவே இல்லை.