அலமாரிக்குள் பூட்டிய ஆட்டம்

எனக்கு முதலில் வந்தது தலைவலி அல்ல. எண்கள் இடம் மாறின.

துறைமுகக் கட்டுமான ஒப்பந்தக்காரர் ஒருவரின் வரைபட அறையில் அப்போது எனக்கு வேலை. கடலின் ஆழத்தை அளந்து, கட்டம் கட்டமாக எழுதிக் கொண்டுவருவார்கள். அதை டிரேசிங் தாளில் மைப்பேனாவால் நகல் எடுக்க வேண்டும். ஒரு காலையில் நான் எடுத்த நகலில் அளவுகள் சரியாக இருந்தன, கட்டங்கள் தவறாக இருந்தன. இரண்டு கட்டம் நேராக, ஒன்று பக்கவாட்டில். சதுரங்கக் குதிரை தாவுவதுபோல என் கை தாவியிருந்தது.

தலைமை வரைவாளர் அண்ணாச்சி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏளா, கப்பல மணல்ல ஏத்துதேன்னு வேண்டுதல் எதும் வச்சிருக்கியா?"

அறை சிரித்தது. நானும் சிரித்தேன். அதே வாரம் மறுபடி அப்படி நடந்தபோது அவர் சிரிக்கவில்லை. "தல சரியானப்புறம் வா. ஒன் எடத்த நான் பாத்துக்கிடுதேன். ஆனா ரொம்ப நாளைக்கி முடியாது, தாயீ" என்றார்.

தலையால் பிழைத்து, அந்தத் தலையாலேயே கைவிடப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பகலில் அலுவலகம், மாலையில் செஸ், விடுமுறை கிடைத்தால் போட்டி. இப்படித்தான் நாட்கள் போயின. கடைசியாகத் திருநெல்வேலியில் ஆடிய ஓர் ஆட்டம் முடியாமல் ஒத்திவைக்கப்பட்டது (அடுத்த நகர்த்தலை உறைக்குள் எழுதி ஒட்டிவிட்டு, மறுநாள் தொடர்வார்கள்). மறுநாள் வாந்தி. எழுந்திருக்க முடியவில்லை. நான் தோற்றதாக எழுதிவிட்டார்கள். தாளில் அந்த ஆட்டம் முடிந்துவிட்டது. எனக்குள் முடியவில்லை.

வரிசையாகச் சொன்னால்தான் எனக்குப் பயம் குறையும். தூக்கம் வரவில்லை. வந்தாலும் அதற்குள் காய்கள் நகர்ந்தன. நாக்கில் கசப்பு. பேசுகிறவர் முடிப்பதற்குள் தொடக்கம் மறந்தது. உப்பு எங்கே என்று அம்மா கேட்டால், அவளுக்கு நான்கு பதில்களும் ஒவ்வொன்றுக்கும் அவள் சொல்லக்கூடிய மறுபதில்களும் மனதில் ஓடின. உப்பை எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

முதலில் பார்த்த டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்றார் (அந்த நாளில் பெயர் தெரியாத பல நோய்களுக்கு அதுதான் பெயர்). டானிக், தூக்க மாத்திரை. செஸ் பலகையைத் தொடவே கூடாது.

அப்பாவுக்கு அது எளிதாகப் புரிந்தது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத் ஊர்க் கிறிஸ்தவர்கள். ஞாயிறு ஓய்வுநாள். சனிக்கிழமை விளக்கு வைத்ததும் பலகையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "இனி எல்லா நாளும் ஓய்வுநாளுதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நான் அதிகமாக ஆடினேன் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குமே அது ஆட்டம் என்று தெரிந்திருக்கவில்லை. வேதக்கோவிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் பாதை. பிரசங்கம் தொடங்கியதும் இரண்டு பக்கமும் எனக்குப் படைகளாகிவிடும். மூன்றாம் வரிசைச் சித்தி காவலின்றி நிற்கிறாள், யாரும் வெட்டிவிடலாம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இப்போது வாரம் முழுவதும் ஞாயிறாகிவிட்டது. காய்களை வைக்கப் பலகை இல்லை. அவை என்னுள்ளேயே நின்றன. இது இப்படியே இருக்கும் என்றால் இந்தத் தலை எனக்கு வேண்டாம் என்று ஜெபித்தேன். வேறு ஜெபம் வரவில்லை.

இரண்டாவதாகப் பார்த்தது ஒரு டாக்டரம்மாவை. அப்பாவும் உடன் வந்தார்.

"ஆட்டத்த நிறுத்தியாச்சா?"

"பூட்டி வச்சிருக்கேன்" என்று அப்பா சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

"பலகைய பூட்டி வச்சிட்டீங்க. அவ தலைய எங்க வச்சிருக்கீங்க?"

டாக்டரம்மா என்னிடம் திரும்பி, தலைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இது மன அயர்ச்சி (மூளை களைத்த பிறகும் நிற்கத் தெரியாமல் ஓடுவது) என்றார். தன்னிடம் இதற்கு உறுதியான மருந்து இல்லை என்றும் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் அப்பா சட்டைப்பையில் இருந்த சாவியைத் தடவிக்கொண்டே வந்தார்.

அடுத்த ஞாயிறு, கோவிலுக்குப் புறப்பட்டு நின்றவர் அலமாரியைத் திறந்தார். அம்மா பதறினாள்.

"இன்னைக்கா? ஒங்களுக்கு என்ன வந்திச்சு?"

"குழியில மாடு விழுந்து கெடந்தா, கெழமையா பாத்துக்கிட்டு நிப்போம்? ஏளா, அந்தத் திருநெல்வேலி ஆட்டத்த அடுக்கு."

ஆளுக்கொரு யானை, சில சிப்பாய்கள். அப்பாவுக்குக் காய்களை நகர்த்த மட்டும் தெரியும். அவர் யானையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார். நான் தேடித் தேடிச் செத்த வெற்றி அங்கே இல்லை. அப்பாவுக்கு எதிராகக்கூட இல்லை.

"போதும்ப்பா. சமன்."

"சமன்னா? யாரு ஜெயிச்சா?"

"யாரும் இல்ல."

"அட, இதுக்கா இந்தப் பாடு!" என்றார். பலகையை அவர் மூடவில்லை. காய்கள் மேசைமேலேயே நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே வாசலுக்கு நடந்தேன்.

நோய் அன்றோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பல மாதங்கள் ஆயின. வரைபட அறையில் என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். இன்றும் நாக்கில் கசப்பு வந்தால், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் எழுந்துவிடுகிறேன். என் உடம்பு எனக்கு முன்னால் போய், வரப்போவதைப் பார்த்துவிட்டு வருகிறது.

அந்த ஞாயிறு கோவிலில் சித்தி சித்தியாகவே உட்கார்ந்திருந்தாள். போதகர் பேசத் தொடங்கியது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது எல்லோரும் எழுந்து நின்று பாடியது. இடையில் போன நேரத்தில் நான் எதையும் நகர்த்தவில்லை.

அம்மா என்னை எழுப்பக் கை நீட்டினாளாம். ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா வேண்டாம் என்று தலையசைத்தாராம்.