சித்தி வீட்டுக் கொடிக்கம்பு

தாராவியில் எங்கள் சித்தப்பாவைச் சிலம்பத்தில் ஜெயித்த ஆண்பிள்ளை கிடையாது. இதை மற்றவர்கள் சொன்னதைவிட நான் சொல்லித் திரிந்ததுதான் அதிகம். எட்டு வயதில் எனக்கென்று இருந்த சொத்து அந்தப் பெருமை ஒன்றுதான். பகலெல்லாம் கிடங்கில் நின்று தோல் சுரண்டிவிட்டு, மேலெல்லாம் அந்த வாடையோடு வருவார். சாயங்காலம் மைதானத்தில் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கம்பைச் சுழற்ற ஆரம்பித்தால் கம்பு கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். சில நாள் காலையில் அவர் விரல் மொளி வீங்கியிருக்கும். கிடங்கில் அடிபட்டது என்பார். ஞாயிற்றுக்கிழமை கிடங்கு ஏது என்று கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். பாதி நாள் நான் அங்கேதான் கிடப்பேன். சுவரில் ஒரு ஜோடி மான்கொம்பு, மூலையில் வெட்டரிவாள், அதன் பக்கத்தில் எண்ணெய் போட்ட ஒரு பிரம்புக் கம்பு. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுக் கதை கேட்பேன்.

"எந்த ஆயுதமும் பொறக்கும்போதே ஆயுதமா பொறக்கல, ஏளா. கம்பு மாடு மேச்சது, அருவா வெறகு வெட்டுனது. பொறவுதான் சண்டைக்கு வந்தது" என்பார்.

கம்பு விஷயத்தில் மட்டும் அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. ஆடுகிறவரின் காலடியில் ஊன்றினால் அது நெற்றிப் பொட்டு வரைக்கும் வர வேண்டும். ஓர் ஆள் கம்பு இன்னோர் ஆளுக்கு ஆகாது. அளவு தப்பினால் அதை அடுப்பில் வைக்கலாம் என்பார்.

நகரத்தில் கலவரம் என்று கர்ஃப்யூ போட்டிருந்த சமயம். மைதானத்தில் ஆடியவர்களின் கம்புகளைப் போலீஸ் வாரிக்கொண்டு போனது. சித்தப்பாவின் கம்பும் அதில் போயிற்று; வீட்டு மூலையில் இருந்த பிரம்புக் கம்புதான் மிச்சம். பிறகு வீடு வீடாகச் சோதனை. அடுத்த வரிசையில் ஒருவர் வீட்டில் கம்பு இருந்ததற்காக அவரைப் பிடித்துப் போய் நாலு நாளாகியும் விடவில்லை. எங்கள் வரிசைக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும், எந்த எதிராளிக்கும் பின்வாங்காத சித்தப்பா, சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய்க் கடற்கழியில் எறிந்துவிடக் கிளம்பினார். சித்தி விடவில்லை.

"எல்லாம் வேல பாத்த சாமான்தான? திரும்ப வேலையில வைங்க. ஆரு கேக்கப்போறா?" என்றாள்.

கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் வேலைக்கு வைத்துவிட்டாள். மான்கொம்பில் குடையும் சட்டையும் தொங்கின. பிரம்புக் கம்பை உத்தரத்துக் கயிறுகளில் கொடியாகக் கோத்து, அதன்மேல் ஈரப் புடவையைப் போட்டாள். தானே வெட்டரிவாளோடு அடுப்படியில் உட்கார்ந்து சுள்ளி தறிக்க ஆரம்பித்தாள். மாவீரர் சாமானில் போய் ஈரப் புடவையா?

வந்த ஹவில்தார் மராத்திக்காரர். மான்கொம்பைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார், வாசலுக்குத் திரும்பினார். அத்தோடு போயிருப்பார். நான்தான் பொறுக்க மாட்டாமல், தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்லிவிட்டேன். அது துணிக் கம்பு இல்லை, எங்கள் சித்தப்பாவின் சிலம்பக் கம்பு, அவரை ஜெயிக்க இந்தத் தாராவியில் ஆள் இல்லை.

சித்தப்பாவின் முகம் வெளிறிவிட்டது. சித்தி குனிந்த தலை நிமிரவில்லை. சுள்ளி தறிப்பதையும் நிறுத்தவில்லை.

ஹவில்தார் புடவையை ஒதுக்கிக் கம்பை உருவினார். பிடித்த பிடியிலேயே அவரும் பழகியவர் என்று தெரிந்தது. சித்தப்பாவைக் கூப்பிட்டு நிறுத்தி, பக்கத்தில் கம்பை ஊன்றினார். சித்தப்பா நல்ல உயரம். கம்பு அவர் மோவாய்க்குக்கூட எட்டவில்லை. ஹவில்தார் சிரித்துவிட்டார். இது இவனுடையது இல்லை என்று கூட வந்த சிப்பாயிடம் சொன்னார். கம்பைத் தரையில் போட்டுவிட்டு, என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனார்.

அவர்கள் தெருமுனை தாண்டிய பிறகுதான் சித்தி அடுப்படியை விட்டு எழுந்தாள். குனிந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கம்பை எடுத்தாள். ஆபத்து நீங்கியதற்குச் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். கம்பை ஊன்றி ஒரு நிமிஷம் மூச்சு வாங்கினாள். அதன் நுனி அவள் குங்குமப் பொட்டுக்கு நேராக நின்றது. துணி காயப்போட எவ்வளவு தோதான நீளம் என்றுதான் எனக்குப் பட்டது.

"நல்லவேள, நீ எந்திக்கல" என்றார் சித்தப்பா.

போலீசைக் கண்டு எழுந்திருக்கவே பயந்தவளுக்கு இப்படி ஒரு பாராட்டா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவ்வளவு பெரிய வீரருக்குப் போய் இப்படி ஒரு பயந்தாங்கொள்ளி வாய்த்தாளே என்று, ரொம்ப நாள் நான் சித்தப்பாவுக்காக வருத்தப்பட்டேன்.