டெல்லிக்குப் போன ஜெர்கின்

அறுபதுகளின் நடுவில் நான் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தேன். வீடு மாட்டுங்காவில். அப்பா, அம்மா, அண்ணா, நான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸ் மலையேற்றக் குழுவோடு ரயிலேறிக் கர்ஜத் பக்கம் போய், ஏதாவது ஒரு மலையில் ஏறி இறங்கிவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவேன். வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. சம்பளத்தை அப்படியே அப்பாவிடம் கொடுத்துவந்ததால் தடுக்கவும் இல்லை.

குழுவில் பெண்கள் நானும் ஒரு மராட்டிப் பெண்ணும்தான். ஒரு வருஷம் தீபாவளி கழிந்ததும், அடுத்த மே மாதம் இமயமலையில் நடக்க இருந்த பயிற்சி முகாமுக்கு எங்கள் இருவரையும் தேர்ந்தெடுத்தார்கள். கயிறும் கூடாரமும் முகாமில் கிடைக்கும். குளிர் உடுப்பு மட்டும் அவரவர் பொறுப்பு.

ஜாக்கெட் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். ரவிக்கைத் துணிதான் நிறையக் கிடக்கிறதே என்றாள் அம்மா. நான் சொன்னது வேறு என்று புரியவைக்கவே நேரம் பிடித்தது. கிங்ஸ் சர்க்கிள் கடைகளில் இருந்த ஸ்வெட்டர்கள் மார்கழி பஜனைக்குத்தான் காணும். அதனால் சனிக்கிழமை ஆபீஸ் அரை நாளோடு முடிந்ததும் நானும் அந்த மராட்டித் தோழியும் பழைய சாமான்கள் விற்கும் சோர் பஜாருக்குப் போனோம்.

முதலில் காட்டிய தோல் கோட்டு பார்க்கக் கம்பீரமாக இருந்தது. ஆனால் காய்ந்திருக்கும்போதே அந்தக் கனம். நனைந்தால் அதைச் சுமக்க இன்னொரு ஆள் வேண்டும். அடுத்தது கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போன நைலான் ஜெர்கின். பாறையைப் பிடிப்பதுபோலக் கையைத் தூக்கினேன். இடுப்பு வெளியே தெரிந்தது. மூன்றாவது, பட்டாளத்தில் கழித்துக்கட்டிய ஒரு ஜெர்கின். வெளியே முரட்டுக் கான்வாஸ், உள்ளே கம்பளி. ஜிப்புக்கு மேல் காற்று புகாதபடி ஒரு பட்டை. ஜிப் கெட்டுப்போனாலும் அந்தப் பட்டையின் பெரிய பொத்தான்களைப் போட்டுக்கொள்ளலாம். உள்பக்கம் திருப்பி அக்குள் தையலை இழுத்துப் பார்த்தேன். இரட்டைத் தையல், அசையவில்லை. டீக்கடையில் தண்ணீர் வாங்கித் தோளில் ஊற்றினேன். வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் குளிப்பாட்டு என்று கடைக்காரர் இந்தியில் சலித்துக்கொண்டார். தண்ணீர் உருண்டு ஓடியது. தீபாவளி போனஸில் ஒதுக்கி வைத்திருந்ததைக் கொடுத்து எடுத்துக்கொண்டேன். தோழிக்கும் அதே மாதிரி ஒன்று அகப்பட்டது.

டிசம்பரில் ஒரு விடியற்காலை மலை உச்சியில் அதைப் போட்டுக்கொண்டு நின்றேன். காற்று மோதியது, எனக்கு உறைக்கவில்லை. என் வாழ்க்கையில் நானே பார்த்து, நானே தேர்ந்தெடுத்த முதல் பொருள் அது.

அந்த மாதக் கடைசியில் அண்ணாவுக்கு டெல்லியில் வேலை கிடைத்தது. அவன் புறப்படுகிற அன்று நான் ஆபீசிலிருந்து வந்தபோது ஜெர்கின் மாட்டியிருந்த ஆணி காலியாக இருந்தது. அம்மா அதை அவன் டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டிருந்தாள். என்னைக் கேட்கவில்லை. நான் பெட்டியைத் திறக்கப் போனேன்.

"அவன் உத்தியோகத்துக்குப் போறான். நீ விளையாடத்தானே போறே?" என்றார் அப்பா.

குளிர்காலம் முடிந்ததும் அனுப்பிவிடுவதாக அண்ணா சொன்னான். மார்ச் போயிற்று. ஏப்ரலும் போயிற்று. முகாமுக்குப் போகிற வழியில் டெல்லி ஸ்டேஷனில் கையோடு கொடுத்துவிடுகிறேன் என்று கடைசியில் எழுதினான். அதை நம்பி நான் வேறு எதையும் தேடவில்லை.

பிளாட்பாரத்தில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நின்றிருந்தான். மேலதிகாரியின் பையன் காஷ்மீருக்குப் போகிறானாம், அவனுக்குக் கொடுத்துவிட்டானாம்.

"பெரிய ஆபீசர்டி. வாய்விட்டுக் கேட்டார். மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

எனக்கு மாட்டேன் என்று சொல்வது அவனுக்குச் சுலபமாக இருந்தது. தோழி என் பையை வாங்கிக்கொண்டு என்னை ரயிலில் ஏற்றினாள். பழத்தை நான் தொடவில்லை.

முகாமில் யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு கோட்டைக் கொடுத்தார்கள். ஜிப் கிடையாது, கயிற்றால் கட்டிக்கொண்டேன். கீழே இருந்தவரை சமாளித்தேன். பனி உறைந்து கிடக்கும் உயரத்துக்கு ஏறத் தொடங்கிய அன்று மழையும் பனியுமாகக் கொட்டியது. கோட்டு அத்தனையையும் குடித்தது. கூடாரத்துக்குள் வந்தபிறகும் என் பற்கள் கிட்டித்து, பெயரைக் கேட்டவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் என்னைக் கீழே அனுப்பினார்கள். தோழி மேலே போனாள். அவளை என்னால் முழுமனசோடு வாழ்த்த முடியவில்லை.

வீட்டுக்குக் காய்ச்சலோடு வந்தேன். பொம்மனாட்டிக்கு இதெல்லாம் எதற்கு என்று அம்மா கஷாயம் போட்டுக்கொண்டே சொன்னாள். அண்ணாவுக்குப் பதவி உயர்வு வந்த செய்தி அந்த வாரமே வந்தது. அப்பா கட்டடம் முழுக்கப் பால்கோவா கொடுத்தார்.

அடுத்த வருஷம் நான் மறுபடி விண்ணப்பித்தேன். பாதியில் இறங்கியவரை மீண்டும் அனுப்புவதில்லை என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தேன். பெண்ணுக்கு ஒருவழியாகப் புத்தி வந்துவிட்டது என்று அப்பா சந்தோஷப்பட்டார்.

அண்ணாவை நான் மன்னிக்கவில்லை. அவனும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கும்படியாக ஏதோ நடந்தது என்பதே அவனுக்குத் தெரியாது.