ஏழு மணி என்று எழுதிய தாள்

என் வாழ்க்கையில் நான் எதற்கும் தாமதமாகப் போனதில்லை. ஒரே ஒரு முறை போனேன். அதற்கு நான்கு நாள் உட்கார்ந்து திட்டம் போட்டேன்.

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஏற்றுமதிக்கு வரும் கண்டெய்னர்களைக் காகிதங்களோடு கப்பல் நேரத்துக்குத் துறைமுகத்துக்குள் சேர்ப்பது வேலை. கேட் மூடியபின் வரும் பெட்டி கரையிலேயே கிடக்கும், அழுதாலும் ஏற்றமாட்டார்கள். அதனால் எங்கள் அலுவலகத்தில் எப்போதும் இரண்டு நேரம் வைத்திருப்போம். ஒன்று எங்களுக்கு, இன்னொன்று பார்ட்டிக்கு. கேட் ஆறு மணிக்கு மூடுமென்றால் பார்ட்டியிடம் ஐந்து என்போம். உப்பு அனுப்புகிறவரோ மீன் அனுப்புகிறவரோ, யாராக இருந்தாலும் ஐந்துதான். அவர் ஐந்தே முக்காலுக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்பார். "சரி, பேசிப் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே அனுப்புவோம். நன்றி வேறு சொல்லிவிட்டுப் போவார்.

இந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். கல்யாணம் ஒன்பதுக்கு என்றால் மனைவியிடம் எட்டு என்பேன். முதல் வருஷத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். சண்டை போடவில்லை. "இவுக எட்டுன்னா ஒம்பதுன்னு அர்த்தம்" என்று பக்கத்து வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். கைக்கடிகாரம் கட்டமாட்டாள். நான் சொல்லும் நேரத்தோடு ஒரு மணியைக் கூட்டிக்கொண்டு நிதானமாகக் கிளம்புவாள். எதையும் தவறவிட்டதில்லை. நான் பொய் சொல்வேன், ஆனால் அவளுக்கு நல்லதாகிற பக்கமாகத்தான் சொல்வேன் என்று நம்பினாள்.

எங்களுக்கு ஒரே மகள். பாங்கு வேலையை உதறிவிட்டுச் சென்னையில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தாள். பேசி முடித்த மாப்பிள்ளை வீடு பின்வாங்கியது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஒரு கல்யாணப் பந்தியில், எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர் ஒருவர் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்: "என்ன அண்ணாச்சி, ஒங்க மவ கூத்து கட்டுதாளாமே. அடுத்த கொடைக்கு நம்ம கோயில்லயே ஆட வச்சிருவோமா? வெளியூரு செட்டுக்குக் குடுக்குற துட்டு மிச்சம்லா?"

பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் மகளுக்கு போன் செய்து, இனி என் நம்பருக்குக் கூப்பிடாதே என்றேன். அவளும் கூப்பிடவில்லை. இரண்டு வருஷம்.

அம்மாவோடு மட்டும் பேசுவாள். ஒருநாள் அம்மாவின் பழைய சேலை ஒன்று வேண்டும் என்று கேட்டாள். புது நாடகத்தில் அவளுக்கு உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற ஒரு பொம்பளை வேஷம். என் மனைவி பீரோவைக் குடைந்து, கிளிப்பச்சையில் அரக்குக் கரை போட்ட நூல்சேலையைத் துவைத்துக் கூரியரில் அனுப்பினாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசைதான். அந்தச் சேலையோடு மகள் மேடையில் நிற்பதைப் பார்க்க வேண்டும்.

நாடகம் மதுரைக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு காட்சி. என் மனைவியிடம் இருந்தது பொத்தான் போன். அதனால் டிக்கெட்டை மகள் என் போனுக்கு அனுப்பினாள். நேரமெல்லாம் அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாள். கீழே எழுதியிருந்தாள்: "அப்பா, நாடகம் ஆறரைக்கு. ஆரம்பிச்சுட்டா கதவ மூடிருவாங்க, யாரையும் விடமாட்டாங்க. அம்மாவ ஆறு மணிக்கே கூட்டிட்டு வந்துருங்க. முன் வரிசையில ரெண்டு சீட்டு வச்சிருக்கேன்." அவளும் என் மகள்தான், அரை மணி நேரம் முன்கூட்டித்தான் வரச்சொல்லியிருந்தாள்.

"சரி" என்று பதில் அனுப்பினேன்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மனைவி அவள் தம்பியோடு போயிருப்பாள். என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு விஷயம் உண்டு. எங்களை விட்டுவிட்டு வேறு ஏஜென்டிடம் போக நினைக்கிற பார்ட்டியின் பெட்டியை எப்படிக் கரையிலேயே நிறுத்துவது என்பது. எதையும் மறுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டி, போகிற இடத்தில் எல்லாம் கால் மணி நேரம் கூடுதலாக நிற்கவைக்க வேண்டும். கடைசியில் கேட் மூடியிருக்கும். குற்றம் சொல்ல ஆள் இருக்காது.

அப்படித்தான் அந்த நாளைத் திட்டமிட்டேன். தினக்காலண்டரில் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கம் எழுதினேன். காலை ஆறு மணி பஸ். ஒன்பதரைக்கு மீனாட்சி கோயில். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. இரண்டு மணிக்குச் சேலைக்கடை. நாலரைக்குத் திருநகரில் அவளுடைய அக்கா வீடு. கடைசி வரியில், ஏழு மணி, நாடகம். நான் அரை மணி நேரம்தான் பொய் எழுதினேன். மீதி ஒரு மணி நேரத்தை அவளே கூட்டிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும்.

ஒவ்வோர் இடமும் அவள் பல வருஷமாகக் கேட்டு நான் கூட்டிப்போகாத இடம். தாளை வாங்கிப் படித்தவள் நம்பமுடியாமல் என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, இத்தன எடத்துக்கா? ஒரே நாள்லயா?"

"போறதுதான் போறோம்."

"மவ மேல உள்ள கோவம் போயிட்டு, என்ன?"

நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமை முகூர்த்தநாள். மதுரையில் மாலையில் ரோடு நகராது. அதையும் சேர்த்துக்கொண்டேன்.

முந்தின நாள் மகளுக்குப் பிடிக்குமென்று மனைவி பேக்கரியில் மக்ரூன் வாங்கி வந்தாள். சுட்டு அப்போதுதான் வெளியே எடுத்தது. அந்த டப்பாவைப் பஸ்ஸில் மடியை விட்டு இறக்கவே இல்லை, குலுங்கினால் நொறுங்கிவிடும். கோயில் வரிசையில் இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு நின்றாள். நான் பொதுவரிசையில்தான் நிறுத்தினேன். சேலைக்கடையில் அவள் பத்து நிமிஷத்தில் ஒன்றை எடுத்துவிட்டாள். கடைக்காரரிடம் நான், "அண்ணாச்சி, இன்னும் ரெண்டு தினுசு காட்டுங்க" என்றேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவளுக்காக நான் சொன்ன முதல் வார்த்தை அது. அவள் முகம் எப்படி ஆனது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

திருநகரில் அக்கா காபி போட்டாள். அக்காவும் தங்கையும் பேசிப் பேசி ஓயவில்லை. ஆறு மணி ஆனது. என் சகலைதான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன சகல, நாடகம் எத்தன மணிக்கு? இங்கருந்து ஆத்தத் தாண்டிப் போணுமே. முகூர்த்தநாளு வேற."

நான் வாயைத் திறக்கும் முன் என் மனைவி சிரித்தாள். "அத்தான், இவுக ஏழுன்னு எழுதிருக்காக. அப்போ எட்டு. இவுக கடியாரத்தப் பத்தி ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"ஏளா, வந்தும் வராததுமா என்ன கெளம்புத அவசரம்?" என்றாள் அக்கா. "இன்னும் ஒரு வாய் காப்பி குடிக்கேளா?" என்று என்னைக் கேட்டாள்.

குடிக்கிறேன் என்றேன். இரண்டாவது காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தேன். நன்றாகவே ருசித்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆறு பத்துக்கு ஆட்டோ. பாலத்துக்கு முன்னால் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மேளக்காரர்களுக்குப் பின்னால் பதினைந்து நிமிஷம் நின்றோம். என் மனைவி எட்டிப் பார்த்து, "மாப்பிள்ள கருப்புதான், ஆனா லெச்சணமா இருக்கான்" என்றாள். அவசரமே இல்லாமல் இருந்தாள். அரங்கத்தில் இறங்கும்போது ஏழுக்கு ஐந்து நிமிஷம்.

கதவு மூடியிருந்தது. வாசலில் நின்ற பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "சாரிம்மா. ஆரம்பிச்சு இருபத்தஞ்சு நிமிஷமாச்சு."

"ஏழு மணிக்குல்லா? இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கே."

"ஆறரைம்மா. டிக்கெட்லயே போட்டிருக்கு."

"எம் மவதாம்மா நடிக்கா. பச்சச் சேல கெட்டிருப்பா. அது என் சேல."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கதவைத் திறக்கவில்லை. உள்ளே முழு இருட்டு, வெளிச்சம் பட்டால் நடிப்பவர்களுக்குத் தடுமாறிவிடும் என்றாள். ஒரு பெஞ்சைக் கதவோரம் இழுத்துப் போட்டாள். என் மனைவி உட்கார்ந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் மகளின் குரல் கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை, இழுப்பு மட்டும் கேட்டது. அது என் மனைவியின் இழுப்பு. உள்ளே ஜனம் சிரித்தது. இவள் கதவைப் பார்த்துக்கொண்டே, எதற்கென்று தெரியாமல், தானும் சிரித்தாள்.

பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். "போனத் தாங்க."

என் போனை அவள் அதற்குமுன் தொட்டதில்லை. டிக்கெட்டைப் பார்த்தாள். மகள் எழுதியதை உதடு அசையப் படித்தாள். அதற்குக் கீழே நான் அனுப்பிய "சரி"யைப் படித்தாள். போனைத் திருப்பித் தந்துவிட்டு மக்ரூன் டப்பாவின் மூடியைச் சரிசெய்தாள். எட்டு மணி வரை கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கதவு திறந்தது. வேஷம் கலைக்காமல், சேலையோடு மகள் ஓடி வந்தாள்.

"எங்கம்மா போன? ரெண்டு நாற்காலியும் காலி. அதையே பாத்துட்டு நடிச்சேன்."

நான் காத்திருந்தேன். என் மனைவி சொன்னாள்: "எங்க அக்காவப் பாத்து நாளாச்சுல்லா. பேச்சுல இருந்துட்டேன். ஒங்கப்பா கெடந்து பறந்தாக. நாந்தான் கெளம்பல."

"எத்தன நாளா சொல்லிட்டிருந்தேன்! ஒனக்கு ஒங்க அக்கா வீட்டுக் காப்பி பெருசாப் போச்சு?"

"ஆமா" என்றாள் என் மனைவி.

மகள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க 'சரி'ன்னு அனுப்புனதப் பாத்து அழுதுட்டேன்ப்பா. எங்க குரூப்ல எல்லார்ட்டயும் காட்டினேன்." அம்மாவின் கையிலிருந்த டப்பாவைத் திறந்து, நொறுங்காத ஒன்றைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினாள். வாங்கித் தின்றேன். அம்மாவுக்கு அவள் எடுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அருப்புக்கோட்டை தாண்டியபின் மனைவி கேட்டாள். "நான் ஒரு மணி கூட்டிக்கிடுவேன்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். பஸ் ஜன்னலை இழுத்து மூடிவிட்டு, "பிள்ள அந்த 'சரி'ய நம்பிட்டா. அதக் கெடுத்துராதீய" என்றாள்.

அவள் கேட்டுக்கொண்டதால்தான் வாயை மூடினேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு அது வசதியாக இருந்தது. மகள் எனக்குக் கூப்பிட ஆரம்பித்தாள். "அம்மா என்ன செய்யுதா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். சேலையைத் துவைத்துத் தேய்த்துக் கூரியரில் திருப்பி அனுப்பினாள். உள்ளே ஒரு வரி கடிதம்கூட இல்லை. என் மனைவி மடிப்பு மடிப்பாக உதறிப் பார்த்தாள்.

மறுவாரமே கடைக்குப் போய் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதன்பின் என்னிடம் நேரம் கேட்டதில்லை. மூன்றாம் வருஷம், ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அதைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அந்த நாடகம் மறுபடி இந்தப் பக்கம் வரவே இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் மகள் சொன்னாள், "ஒரு நாள்கூட அம்மாவுக்கு என் நாடகத்தப் பாக்கணும்னு தோணல." நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்.

வருகிற சனிக்கிழமை அவளுடைய புது நாடகம் தூத்துக்குடியிலேயே நடக்கிறது. டிக்கெட் போனுக்கு வந்திருக்கிறது. "ஆறரைக்குப்பா. நீங்க நேரத்துக்கு வந்துருவீங்கன்னு தெரியும்" என்று எழுதியிருக்கிறாள்.

மூன்று நாளாகப் பதில் அனுப்பவில்லை. முதலில் இங்கே எழுதியிருப்பதைத்தான் அவளுக்கு அனுப்ப வேண்டும். படித்தபிறகும் அந்த நாற்காலியை எனக்கு வைத்திருப்பதா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும்.