சந்தை நாளில் மட்டும் இறுகிய பிரேக்

ஜீப் மண்மேட்டில் முட்டி நின்றபோது முதலில் கத்தியது பின்னால் இருந்த கோழிகள்தான். ஆட்கள் மெதுவாக இறங்கினார்கள், துணியைத் தட்டினார்கள், புளிமூட்டை கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள், அப்புறம் சிரித்தார்கள். யாருக்கும் அடியில்லை. ராஜவேலு மட்டும் இறங்கவில்லை. வலது கால் பிரேக் மிதியின் மேலேயே இருந்தது. கடைசி நேரத்தில் கியரில் போட்டு அடக்கியதால்தான் வண்டி மேட்டோடு நின்றது. இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. மறுபடியும் மிதித்துப் பார்த்தார். மிதி பதமாக இறங்கியது. கொஞ்சம் முன்னால் இதே மிதி கருங்கல்லாக இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஜவ்வாது மலையிலிருந்து சந்தவாசலுக்கு ஜீப் வந்து சேர்வதற்குள் சேதி வந்து சேர்ந்துவிட்டது. மகள் ஜெயசுதா வாசலில் நின்றிருந்தாள். போளூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன வருஷம் அவருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனபோது, படுக்கையிலிருந்து எழுப்பி நடக்க வைத்தவள் அவள்தான். அந்த முட்டி எவ்வளவு மடங்கும், எவ்வளவு தாங்கும் என்பது அவரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"கால்தான் நைனா," என்றாள். "வண்டி மேல பழி போடாதீங்க."

"மொத மிதி நல்லா கீது. ரெண்டாவதும் நல்லா கீது. அப்பறம் கல்லாட்டம் நிக்குது. காலு அப்பிடியாம்மா பண்ணும்?"

இது முதல் தடவை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மழை விட்டு அவர் மறுபடி வண்டி எடுத்ததிலிருந்து சந்தை நாள்தோறும் இப்படி ஏதோ ஒன்று. கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மெக்கானிக் குமரேசன் வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பார்க்கட்டும். வண்டியில் குறை இருந்தால் சரிசெய்து ஓட்டலாம். குறை இல்லையென்றால் சாவியை ஆணியில் மாட்டிவிட வேண்டும், மறுபேச்சு கூடாது. ராஜவேலு தலையாட்டினார்.

அவருக்கு ஜீப்பைத் தவிர வேறு தொழில் தெரியாது என்று சொல்ல முடியாது. அப்பாவுக்கு வேர்க்கடலை நிலம் இருந்தது, தம்பி அதில்தான் பிழைக்கிறான். ஆனால் மீசை சரியாக முளைக்காத வயதில் யாரோ ஒருவருடைய ஜீப்பில் மலைக்கு மூட்டை ஏற்றப் போனவர், அதற்கப்புறம் கழனிப் பக்கம் திரும்பவில்லை. மலையூர்களுக்கு அரிசியும் உப்பும் கொண்டுபோவார். அங்கிருந்து சாமை, புளி, தேன், சந்தைக்கு வரும் ஜனம். பிரசவ வலியோடு ஒருத்தியை இறக்கிக்கொண்டு வந்து, பாதி வழியில் குழந்தை பிறந்து, அதற்கு ராஜவேலு என்றே பெயர் வைத்ததும் உண்டு. அந்தக் குட்டி ராஜவேலு இப்போது பெங்களூரில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறான்.

அவ்வளவையும் பார்த்தது பழைய ஜீப். அதில் பவர் பிரேக் எல்லாம் கிடையாது. மிதித்தால் மிதித்த அளவுக்கு நிற்கும், அவ்வளவுதான். அவர் படுக்கையில் கிடந்தபோது அது காயலான் கடைக்குப் போனது. முட்டிக்குப் பாரம் குறையட்டும் என்று மகளும் குமரேசனும் செங்கம் வரை அலைந்து, பவர் பிரேக் உள்ள வண்டியாகத் தேடிப் பிடித்தார்கள். இதுவும் வயசான ஜீப்தான். ராஜவேலு சுற்றிச் சுற்றி வந்து குறை சொன்னார். பின் சீட்டுக் கம்பி சரியில்லை, ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துகிறது. கடைசியில் உள்ளே ஏறி உட்கார்ந்ததும் வாயை மூடிக்கொண்டார். இஞ்சினை நிறுத்த இழுக்கும் கறுப்புக் குமிழ், பழைய வண்டியில் இருந்த அதே இடத்தில் இருந்தது.

குமரேசனின் பட்டறை சந்தவாசல் ரோட்டோரத்தில், ஒரு தகரக் கொட்டகை. அவன் ராஜவேலுவை மாமா என்றுதான் கூப்பிடுவான், உறவு ஒன்றும் கிடையாது. நாலு சக்கரத்தையும் கழற்றினான். பிரேக் கட்டையில் தேய்மானம் இல்லை. ஆயில் குறையவில்லை, குழாயில் காற்று இல்லை. அப்புறம் பூஸ்டருக்கு வந்தான். மிதிக்கு முன்னால், பானட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் வட்ட டப்பா அது. இஞ்சின் ஓடும்போது ஒரு சின்ன பம்ப் அந்த டப்பாவிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த உறிஞ்சலின் பலத்தில்தான் காலின் பாரத்தில் பெரும்பங்கை டப்பா ஏற்றுக்கொள்கிறது. உறிஞ்சும் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் போச்சு. குமரேசன் குழாயில் காதை வைத்துக் கேட்டான். ஒரு சீறலும் இல்லை.

இஞ்சினை அணைத்துவிட்டு ராஜவேலுவையே மிதிக்கச் சொன்னான். மிதிக்க மிதிக்க மிதி இறுகி, நின்றுவிட்டது. அப்படியே காலை அழுத்தி வைத்திருக்கச் சொல்லிவிட்டு, எட்டி இஞ்சினைக் கிளப்பினான். காலுக்குக் கீழே மிதி தானாக இறங்கியது.

"பூஸ்டர் சோக்கா கீது மாமா," என்றான்.

வண்டி நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்கு இப்படி ஒரு முகத்தைக் குமரேசன் அதுவரை பார்த்ததில்லை. ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவனுக்கும் சங்கடமாகிவிட்டது. மறுநாள் இருவரும் மலைக்குப் போனார்கள். இறக்கத்தில் குமரேசன் ஓட்டினான், ஒன்றும் ஆகவில்லை. ராஜவேலு ஓட்டினார், ஒன்றும் ஆகவில்லை. கால்தான் காரணம் என்றால் இன்றைக்கும் அல்லவா தகராறு செய்ய வேண்டும் என்று குமரேசன் யோசித்தான். சந்தைக்குப் போகும் அன்று மட்டும் சோர்ந்துபோகும் காலை அவன் கேள்விப்பட்டதில்லை. சந்தை நாளில் நானும் வர்றேன், அதுவரைக்கும் சுதாகிட்ட ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றான்.

ஆனால் ஜெயசுதாவும் லீவு போட்டுவிட்டு வந்து ஏறிக்கொண்டாள்.

சந்தை நாள் காலை. மேலே ஈச்சங்கொல்லை என்ற மலையூரில் கூடை, மூட்டை, கோழி, ஒரு ஆட்டுக்கிடா எல்லாம் ஏறின. முன் சீட்டில் மங்கம்மாள். எத்தனையோ வருஷமாக அந்த இடம் அவளுடையது, வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். சாமையும் புளியும் விளைவிக்கிற கிழவி, வாயில் எப்போதும் வெற்றிலை. குமரேசன் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்தபடி ராஜவேலுவின் காலையே பார்த்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் ஜெயசுதாவும் அதையேதான் பார்த்தாள். பின்னால் யாரோ, டிரைவர் காலுக்கு ரெண்டு பேர் காவலா என்று கேட்டதற்கு ஜீப்பே சிரித்தது.

பள்ளத்தாக்கைத் திறந்து காட்டும் பெரிய வளைவு வந்தது. மங்கம்மாள் வெற்றிலையை மறு கன்னத்துக்கு ஒதுக்கினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளிப்பக்கம் திரும்பினாள். அதே நேரத்தில் ராஜவேலுவின் இடது கை ஸ்டியரிங்கை விட்டுக் கீழே போய், கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கறுப்புக் குமிழை இழுத்தது.

இஞ்சின் அணைந்தது. ஜீப் சத்தமில்லாமல் இறங்கியது. பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்களும் என்னவோ பேச்சை நிறுத்தினார்கள். எதிர்ச் சரிவில் ஒரு பறவை கத்துவது கேட்டது.

அவர் மிதித்தார், வேகம் குறைந்தது. மறுபடி மிதித்தார், குறைந்தது. மூன்றாம் முறை மிதி அசையவில்லை. குமரேசன் சீட்டுக்கு மேலே எட்டிக் குமிழை உள்ளே தள்ளினான். "கியர்ல வுடு மாமா," என்றான். ஜீப் குலுங்கி, இஞ்சின் உயிர்பெற்று, மிதி இறங்கியது. கொஞ்சம் தள்ளி அகலமான இடத்தில் வண்டி நின்றது.

"இஞ்சின ஏன் நிறுத்துன?" என்று கேட்டான் குமரேசன்.

"நான் இன்னாத்துக்கு நிறுத்தறேன்?" என்றார் ராஜவேலு. பொய் சொல்லவில்லை. அந்த இடத்தில் சத்தம் இல்லாமல் இருப்பது அவருக்கு எப்போதும் உள்ள வழக்கம், அது காதில் உறைக்கவே இல்லை.

மங்கம்மாள் சிரித்தாள். "எனக்காவ நிறுத்தறாரு."

அவள் தங்கை மாதம்மாளை எதிர்ச் சரிவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். இறங்கி ஏறிப் போக அரை நாள் ஆகும். சந்தைக்குப் போகும்போது இந்த வளைவிலிருந்து மங்கம்மாள் குரல் கொடுப்பாள். அங்கே கொல்லையில் நின்று மாதம்மாள் பதில் கொடுப்பாள். உப்பு வேணும், திரி வேணும், பெரியவனுக்குக் காய்ச்சல், ஆடு குட்டி போட்டிருக்கு. அந்தப் பதில் கேட்க வேண்டுமானால் இஞ்சின் ஓடக் கூடாது. பழைய ஜீப்பில் அது ஒன்றும் ஆபத்தில்லை, அதன் பிரேக்குக்கு இஞ்சின் தயவு தேவைப்படவில்லை. ராஜவேலு குமிழை இழுப்பார். ஜனம் மூச்சுக் காட்டாது. வளைவு முடிவதற்குள் இரண்டு குடும்பத்துச் சேதியும் முடிந்துவிடும். கடைசியில் எப்போதும் ஒரே கேள்விதான் வரும்: டிரைவரு சாப்ட்டாரா? அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் கியர் விழுந்து இஞ்சின் கத்திவிடும். ஜீப்பில் இருந்தவர்கள் அவரை அடுத்த வளைவு வரைக்கும் கேலி செய்வார்கள்.

மாதம்மாள் குடும்பம் இப்போது திருப்பத்தூரில் இருக்கிறது. கொல்லையில் உண்ணிச்செடி மண்டிவிட்டது. மங்கம்மாள் மட்டும் அந்த வளைவில் இன்னமும் திரும்பிப் பார்ப்பாள். அவள் திரும்பினால் ராஜவேலுவின் கை இறங்கும். புது ஜீப்பில் ரெண்டு, மூணு மிதிக்குத்தான் டப்பாவில் மிச்ச பலம் இருக்கும் என்பது கைக்குத் தெரியாது.

"வண்டியிலயும் கொறை இல்ல, கால்லயும் கொறை இல்ல," என்றான் குமரேசன், ஜெயசுதாவைப் பார்த்து.

ராஜவேலு சாவியைத் திருகி எடுத்து மகளிடம் நீட்டினார். குமிழை இழுக்காமல் டீசல் இஞ்சின் நிற்காது, அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. சொல்பேச்சு கேட்காத கை, வலுவில்லாத காலைவிட மோசம் என்று அவருக்கே பட்டது. வண்டியில் குறை இல்லையென்றால் சாவி ஆணிக்கு, பேச்சு அதுதானே. குமரேசன், குமிழை எட்டாத இடத்துக்கு மாற்றித் தருவதாக முணுமுணுத்தான். ஜெயசுதா சாவியை வாங்கவில்லை. இறங்கிப் போய் ஓரத்திலிருந்து ஒரு கருங்கல்லைத் தூக்கி வந்து பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள்.

"ஹேண்ட் பிரேக் போடுங்க. இப்ப இஞ்சின நிறுத்துங்க," என்றாள்.

நிறுத்தினார். பள்ளத்தாக்கு அமைதியாகக் கிடந்தது. கிடா கூடக் கத்தவில்லை. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் மங்கம்மாள் கொஞ்ச நேரம் எதிர்ச் சரிவைப் பார்த்தாள். அப்புறம் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். தங்கையோடு தினமும் பேசுகிறவள்தான், பேச விஷயமே இல்லை என்று அலுத்துக்கொள்கிறவள்தான்.

"எங்க கீற? வண்டிச் சத்தமே காணோம்," என்றது போன்.

"நம்ம வளைவுல."

மாதம்மாள் பழைய உரத்த குரலில், பள்ளத்தாக்கைத் தாண்டிக் கேட்கிற குரலில், கேட்டாள்: "டிரைவரு சாப்ட்டாரா?"

"சாப்ட்டேம்மா," என்றார் ராஜவேலு. "கம்மங்கூழு."

பின்னால் ஜனம் சிரித்து ஓய்ந்ததும் அவர் குமிழை உள்ளே தள்ளி, சாவியைப் போட்டு இஞ்சினைக் கிளப்பினார். காலை வைத்தார், மிதி பதமாக இறங்கியது. ஜெயசுதா சக்கரத்தடியிலிருந்து கல்லை உருவி எடுத்தாள். ஓரமாகப் போடப் போகிறாள் என்றுதான் குமரேசன் நினைத்தான். அவள் அதை ஏற்றித் தன் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"அடுத்த சந்தைக்கு மறுபடி கல்லு தேடிக்கினு நிக்க முடியாது. போலாம் நைனா."