சாம்பல் குதிரையின் வளையங்கள்

அவருக்கு ஊரில் பட்டினி டாக்டர் என்று பெயர். டாக்டருக்கெல்லாம் படித்தவர் இல்லை. குதிரைக் குளம்பு சீவுகிறவர். லாடம் அடிக்கவே மாட்டார். "உன் நகத்துல ஆணி அடிச்சா நீ நடப்பியா?" என்று கேட்டு வண்டிக்காரர்கள் வாயை அடைத்துவிடுவார். குளம்பை அரம் போட்டு ஓரம் உருட்டி, சரளைக்கல்லில் தினமும் நடத்தச் சொல்வார். காய்ந்த புல்லை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, இனிப்பை இறக்கி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தீனி. சும்மா நிற்கிற குதிரைக்குத் தானியம் போட்டதாகத் தெரிந்தால் போதும், வள்ளென்று விழுவார். ஒரு கைப்பிடி பார்லி போட்ட பாவத்துக்கு ஒரு தாத்தாவை அழவைத்த மனிதர் இவர்.

வீட்டிலும் அதே சிடுமூஞ்சிதான். இருபத்திரண்டு வருஷத்தில் மனைவியிடம் அவர் பேசிய நல்ல வார்த்தைகளை எல்லாம் கூட்டிப் பெருக்கினாலும் ஒரு மத்தியானத்துக்குத் தேறாது.

அப்பேர்ப்பட்டவரின் சொந்தக் குதிரைக்கே கால் போனது. சாம்பல் நிறப் பெட்டை. ஒரு காலையில் முன்னங்கால்களை நீட்டிப் பின்பக்கம் சாய்ந்து நின்றது. குளம்பைத் தொட்டார், கொதித்தது. இனிப்பும் மாவும் மிஞ்சினால் வருகிற குளம்புச் சூடு. இன்னொரு தடவை வந்தால் உள்ளே எலும்பு இறங்கி உள்ளங்காலைத் துளைத்துவிடும், குதிரையைக் கொல்வதைத் தவிர வழியிருக்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

குளம்பைத் துடைத்துப் பார்த்தார். சுண்டுவிரல் நக அகல இடைவெளியில் அடுத்தடுத்து நாலு வளையம். குளம்பு மாதத்துக்குச் சுண்டுவிரல் நகத்தின் அகலம் வளரும். ஆகாததைத் தின்ற காலத்தில் வளையம் விழும். அப்படியானால் நாலு மாதமாக யாரோ தின்னக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

களைத்து வரும் வண்டிக் குதிரைகளுக்கென்று ஒரு பெட்டியில் பார்லி வைத்திருந்தார். அதைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து வந்தால், பெட்டி பூட்டியபடி இருக்கிறது, குதிரையின் உதட்டில் உமி. குதிரை காதை முன்னால் நீட்டி அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்தது, அங்கிருந்து இன்னொருவர் வரப்போகிற மாதிரி. திரும்பிப் பார்த்தார். வெறும் வாசல். பட்டப்பகலில் அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"நீதானே போடறே?" என்று மனைவி மேல் பாய்ந்தார்.

"நான் பெட்டியைத் தொடவே இல்லைங்க," என்றாள் அவள்.

மறுநாள் பெட்டியைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டுப் படுத்தார். எழுந்து வந்து பார்த்தபோது தூளில் வெறுங்கால் தடம் தெளிவாக இருந்தது. இடது காலில் நாலே விரல். என்றைக்கோ ஒரு குதிரை மிதித்து அவருடைய இடது சுண்டுவிரல் போயிருந்தது. குனிந்து தன் காலைப் பார்த்தார். உள்ளங்கால் வெள்ளையாக இருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். தினமும் தூக்கத்துல எழுந்து வர்றீங்க. கண்ணு திறந்தேதான் இருக்கும்."

"குதிரை செத்துடும்னு தெரிஞ்சுமா என்னை எழுப்பலை?"

அவள் குனிந்து அவர் காலில் இருந்த சுண்ணாம்பைத் துடைத்தாள். பிறகு, "அப்போ நீங்க பேசற பேச்சு அப்படி இருக்கும். 'சாப்பிடு கண்ணு, இத்தனை நாள் உன்னைக் காயப்போட்டுட்டேனே'ன்னு. எழுப்ப மனசு வரலைங்க," என்றாள்.

அவர் சாவியைக் கழற்றி நீட்டினார். "நான் கேட்டாலும் குடுக்காதே."

"அந்தக் குரல்ல கேட்டா குடுத்துடுவேன்," என்று அவள் வாங்க மறுத்துவிட்டாள்.

வேறு வழியில்லை. அன்று சாயங்காலமே குதிரையை வண்டியிலேற்றி, ஊருக்கு வெளியே தங்கை வீட்டுச் சரளைக் கொல்லைக்கு அனுப்பிவைத்தார். மூன்றே மாதத்தில் மயிரோரத்திலிருந்து புதுக் குளம்பு வழவழவென்று இறங்கியிருந்தது. குதிரை கல்லில் கூசாமல் நடக்கிறது என்று தங்கை சொல்லியனுப்பினாள். பிழைத்தது என்று மூச்சு விட்டார். பெட்டியைப் பூட்டுவதையும் விட்டுவிட்டார்.

ஒரு மத்தியானம் கண் விழித்தபோது கையில் பார்லித் தூசி அப்பியிருந்தது. எழுந்து லாயத்துப் பக்கம் போனார். காலி லாயத்துக்குள்ளிருந்து மனைவி வந்துகொண்டிருந்தாள்.

"இன்னைக்கும் எழுந்து வந்தேனா?"

"தினமும்தான் வர்றீங்க."

"குதிரைதான் இல்லையே. யாருக்கு ஊட்டறேன்?"

அவள் உதட்டில் ஒட்டியிருந்த உமியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பார்த்தேயிராத ஒரு வெட்கம் முகத்தில்.

"நான்தான் போய் நிக்கறேன்."